மைக்குக்குப் பின்னால் உட்கார்ந்தவள்

என் வீட்டுக்காரருக்குக் கபடி தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வேப்பூரிலிருந்து ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் இருக்கிற ஜனம் வேறு மாதிரி நம்பிக்கொண்டிருக்கிறது. அவர் மைக்செட் வைத்திருப்பவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் பாக்ஸ் கட்டி, ஒயர் இழுத்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லத் தெரியும். நல்ல குரல், கணீரென்று இருக்கும். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போனஸ் கோடு எது என்று கேட்டால் நடுக்கோட்டைக் காட்டுவார்.

கபடி தெரிந்தது எனக்கு. நல்லூர்ப் பக்கம் ஸ்கூலில் படிக்கும்போது ரைட் கார்னரில் நின்று ஆடியவள் நான். பாடி வருகிறவளின் கணுக்கால் கையில் சிக்கினால் போதும், என்ன உதறினாலும் விடமாட்டேன். பத்தாவதோடு ஆடுவது நின்றது. பார்ப்பது நிற்கவில்லை. கல்யாணமாகி விருத்தாசலம் வந்து, பீங்கான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். சூளையிலிருந்து இறங்குகிற ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, விரிசல் சத்தம் வந்தால் ஒதுக்குவது என் வேலை. காலேஜ் மைதானத்தில் போட்டி நடக்கிற நாளில் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகமாட்டேன். உடம்பெல்லாம் வெள்ளைப் பொடியோடு நேராக அங்கேதான் போய் நிற்பேன்.

ஒரு வருஷம், காலேஜ்களுக்கு இடையிலான போட்டிக்கு மைக்செட் எங்களுடையது. வர்ணனை சொல்ல வருகிறேன் என்றவர் கடைசி நேரத்தில் வரவில்லை. விளையாட்டு ஆசிரியர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "உங்க குரலு நல்லாத்தான இருக்குது, நீங்களே சொல்லுங்களேன்" என்றார். பக்கத்தில்தான் நான் நின்றிருந்தேன். அன்றைக்குக் காலையிலிருந்து அந்த ஆசிரியரிடமே எந்த டீம் எப்படி ஆடும் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தவளும் நான்தான். என்னைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். தோன்றவே இல்லை என்றால் யாரோடு சண்டை போடுவது?

என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, நாற்காலியைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துப் போட்டார். "இங்க உக்காரு. என்ன நடக்குதுன்னு மெதுவா காதுல சொல்லு. நான் எடுத்து வுட்டுடறேன்" என்றார்.

எடுத்து விட்டார். அம்மாடி, என்னமாய் எடுத்து விட்டார்! நான் அவர் காதோரம் குனிந்து, "போனஸ் கிடையாது, பின்னங்கால் தரையில இருக்குது" என்று முணுமுணுப்பேன். அடுத்த நொடி மைதானம் அதிரும்: "போனஸ் கிடையாதுங்க! பின்னங்கால் தரையில் இருந்ததை நம் கண்கள் பார்த்தன!" நம் கண்களாம்! அந்த நேரத்தில் அவர் கண் டீ கொண்டு வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதற்கப்புறம் எந்தக் காலேஜில் போட்டி என்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். யூட்யூபில் லைவ் வேறு போட ஆரம்பித்தார்கள். அவருக்கு 'வர்ணனைப் புயல்' என்று பட்டம். பிளெக்ஸ் பேனரில் ஆடுகிற பிள்ளைகள் படம் தம்மாத்தூண்டு, புயல் படம் பெரிசு. வேப்பூர் ஹைவே ஓட்டலில் பரோட்டா போடுகிறவர் கல்லை விட்டு இறங்கி வந்து இவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். அந்த செல்ஃபியை எடுத்துக் கொடுத்தது யார்? நான்தான். "அக்கா, கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்க" என்றார் பரோட்டாக்காரர்.

எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு நாகரிகமாக ஒரு வார்த்தை தேடவேண்டிய அவசியம் இல்லை. கட்டின புருஷன் பேர் வாங்கினால் பெண்டாட்டிக்குப் பெருமைதானே என்று என் மாமியார்கூடக் கேட்டார். பெருமை கொஞ்சம் இருந்தது. எரிச்சல் அதைவிட நிறைய இருந்தது.

என் எரிச்சலை நான் இறக்கி வைத்தது அம்பயர்கள் மேல். அதில் எனக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை, ஏனென்றால் அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள். கபடி அம்பயர் ஆட்டக்காரியின் முகத்தைப் பார்க்கக்கூடாது. முகம் பொய் சொல்லும். தொட்டவள் தொடாதவள் மாதிரியும், தொடாதவள் தொட்டவள் மாதிரியும் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். காலைப் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் பத்தில் எட்டுப் பேர் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுவிட்டு விசில் ஊதுகிறவர்கள். யாரையும் தொடாமலே ஓரத்து லாபிப் பட்டைக்குள் காலை வைத்தால் அவுட் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் உள்ளூர் பிள்ளை காலை வைத்தால் மட்டும் அவர்களுக்குக் கண்ணில் தூசி விழுந்துவிடும். இதையெல்லாம் நான் அவர் காதில் சொல்லுவேன். வைது சொல்லுவேன். அவர் வசவை வடிகட்டிவிட்டு மீதியை மைக்கில் சொல்லுவார்.

லைவ் எடுக்கிறவர்களைப் பற்றித் தனியாகவே புலம்பலாம். பாடிப் போகிற பெண் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டு துடிப்பாள், கேமரா மேடையில் உட்கார்ந்திருக்கிற பிரமுகரின் சால்வையைக் காட்டிக்கொண்டிருக்கும். பாயிண்ட் எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அவுட் என்கிற ரெய்டு அது. மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து யாரோ துண்டுச்சீட்டை நீட்டுவார்கள், இவரும் "முதல் பரிசை வழங்குபவர்கள், கடைவீதி..." என்று நகைக்கடை பேரை வாசிப்பார். முதுகில் ஒரு குத்து விடுவேன். "ஏன், அவங்களும் பாவம்தான?" என்பார். பாவமாம்!

ராத்திரிச் சாப்பாட்டின்போது லைவுக்கு வந்த கமெண்டுகளைப் போனில் பார்த்துச் சத்தமாக வாசிப்பது அவர் வழக்கம். 'புயல் வேற லெவல்.' 'அண்ணன் குரலுக்கே வந்தேன்.' நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே "ம்" என்பேன். அந்த வீடியோக்களை நான் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. மைதானத்தில் எரிந்தது போதாதா, வீட்டிலும் வேறு எரியவேண்டுமா?

கம்பெனியில் என்னோடு கட்டை தட்டுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். ஒருநாள் டீ நேரத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னடி என்று கேட்டதற்கு, ஒரு பக்கத்தை எடுத்து என் காதில் சொருகினாள்.

"அக்கா, இது நீங்கதான?"

முதலில் கூட்டத்தின் இரைச்சல். அதற்குள்ளிருந்து, சின்னதாக, ஆனால் ஒரு எழுத்து விடாமல் என் குரல்: "அவ கைய தூக்கறா பாரு நடிப்புக்காரி. ஒண்ணும் தொடல. இந்த ஆளு குடுப்பான் பாயிண்ட்டு, தூங்குமூஞ்சி." அப்புறம் அவருடைய கணீர்க் குரல்: "தொடவில்லைங்க! ஆனால் நடுவர் என்ன சொல்கிறார், பொறுத்திருந்து பார்ப்போம்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் காதுக்குச் சொன்னது அத்தனையையும் அவர் கையிலிருந்த மைக் வாங்கியிருக்கிறது. மைதானத்துக் கூச்சலில் பாக்ஸில் அது கேட்டிருக்காது. லைவில் கேட்டிருக்கிறது. அம்பயரைத் திட்டியது, கேமராக்காரரைத் திட்டியது, இவர் முதுகில் விட்ட குத்து, எல்லாமே ஏறியிருந்தது. ஐயையோ என்று வாயில் கை வைத்துக்கொண்டேன்.

"அட, கீழ படிங்கக்கா" என்று அவள் போனைத் தள்ளிக் காட்டினாள்.

'பின்னாடி பேசற அக்கா யாருங்க?' 'அக்கா சொன்னா கரெக்டா இருக்கும்.' 'தூங்குமூஞ்சி செம.' 'புயல் கொஞ்சம் சும்மா இருந்தா அக்கா பேசறது கேக்கும்.' இப்படி ஒன்று இரண்டு இல்லை, போய்க்கொண்டே இருந்தது. பழைய வீடியோக்களிலும் இருந்தது. அன்று சாயந்திரம் வரைக்கும் நான் தட்டிய கட்டைகளில் எது நல்லது, எது விரிசல் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒரே சந்தோஷம். பாதி வழியில்தான் புத்தியில் உறைத்தது. கமெண்டுகளைத் தினமும் வாசிக்கிற மனுஷன், இதை மட்டும் எப்படி வாசிக்காமல் போனார்? ஒவ்வொரு ராத்திரியும், என் எதிரில் உட்கார்ந்து, நான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே, என்னைப் பற்றி எழுதியதை மட்டும் விரலால் தள்ளித் தள்ளி விட்டிருக்கிறார்.

நான் கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நான்கைந்து நாள் கழித்து ஒரு புது டப்பாவோடு வந்தார். உள்ளே புது மைக்.

"பழைய மைக்குக்கு என்ன வந்துச்சு?" என்றேன்.

"இது வேற மாதிரி. வாய்கிட்ட வச்சிப் பேசறவங்க குரலு மட்டுந்தான் ஏறும். பின்னாடி இரைச்சல் வருதுன்னு சொல்றாங்க."

"இரைச்சலுங்களா?"

"ஆமாம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

இத்தனை நாள் நான்தான் பொறாமைக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை டமால் டமாலென்று கழுவினேன். அழுகை வந்தது, அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

அடுத்த வாரம் பெண்கள் காலேஜ்களுக்கான போட்டி, எங்கள் ஊரிலேயே. பகலில் ஃபைனல். எங்கள் ஊர் காலேஜும் நெய்வேலிப் பக்கத்து டீமும் மோதினார்கள். அவர் புது மைக்கோடு மேசைக்கு முன் உட்கார்ந்தார். பின்னால் எனக்கு நாற்காலி வழக்கம்போலப் போட்டிருந்தது. நான் அங்கே போகவில்லை. கம்பெனித் தோழியோடு எதிர்ப்பக்கம் போய்ப் பெண்கள் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் சமாளிக்கத்தான் பார்த்தார். "ஆஹா, அற்புதமான ஆட்டம்" என்றார். "வெற்றி யாருக்கு, வீரமங்கைகள் யார்" என்றார். போனஸ் பாயிண்ட்டை டச் பாயிண்ட் என்றார். அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருந்த பெண்ணை, இதோ பாடி வருகிறாள் என்றார். என்னைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "புயலுக்கு இன்னிக்கி என்னாச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஆட்டம் முடியப் போகிற நேரம். ஒரே ஒரு பாயிண்ட்டில் நம் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். நம் ரெய்டர் உள்ளே போனாள், எதிர் கார்னரில் நின்றவளின் காலைப் பார்த்து ஒரு எத்து எத்தினாள், திரும்பி ஓடி வந்து நடுக்கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கினாள். மைதானம் எழுந்து குதித்தது. அந்தக் கார்னர்ப் பெண்ணோ, படவே இல்லை என்று அம்பயரிடம் கத்தினாள். இரண்டு அம்பயரும் ஆளுக்கொன்று காட்டினார்கள். பிறகு ரெஃப்ரியிடம் போய்த் தலையோடு தலை வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். ஆட்டம் நின்றது. இப்போது பேசவேண்டியவர் வர்ணனைக்காரர் ஒருத்தர்தான்.

அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். காலி நாற்காலி. கண்ணை இடுக்கிக்கொண்டு கூட்டத்தில் தேடினார். எதிர்ப்பக்கம் என்னைக் கண்டுபிடித்ததும், கையில் மைக் இருப்பதையே மறந்துவிட்டார்.

"ஏம்மா! பட்டுச்சா, படலையா?"

எட்டுப் பாக்ஸிலும் அது கேட்டது. லைவிலும் போயிருக்கும். புது மைக், வாய்கிட்ட இருந்த குரல், துல்லியமாக ஏறியிருக்கும். யாரைக் கேட்கிறார் என்று மைதானமே திரும்பிப் பார்த்தது. என் தோழி எழுந்து நின்று, "லைவ்ல பேசற அக்கா இவங்கதான்!" என்று என்னைக் காட்டிக் கத்தினாள்.

அவர் முகம் செத்துப் போயிற்று.

நான் எழுந்தேன். "மைக்க இங்க குடுங்க, சொல்றேன்" என்றேன்.

ஒரே விசில். கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்! அவர் தயங்கினார். மேசையில் இருந்த விளையாட்டு ஆசிரியர்தான் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒயரை இழுத்து இழுத்து, கைமாறிக் கைமாறி அது என்னிடம் வந்தது. வேர்வையில் நனைந்து சூடாக இருந்தது.

எல்லாரும் நான் பட்டது என்று சொல்லுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊர், நம் பிள்ளைகள்.

"படலைங்க" என்றேன். என் குரல் அத்தனை பெரிசாக மைதானத்தைச் சுற்றி வந்தது எனக்கே பயமாக இருந்தது. "நம்ம பொண்ணு எத்தறதுக்கு முன்னாடியே அவ கால எடுத்துட்டா. முடிவு அம்பயருங்களோடது. நான் பாத்ததச் சொல்றேன்."

கூட்டம் 'ச்சே' என்றது. பின்வரிசையில் யாரோ ஒருவர், "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், உக்காருங்கப்பா" என்றார். கொஞ்ச நேரத்தில் ரெஃப்ரி வந்து, பாயிண்ட் இல்லை என்று கையை விரித்தார்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. அவர் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து, பக்கத்தில் நின்று கையை நீட்டினார். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்பது அவருக்குப் புதிது. அந்த மாதிரி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மைக்கைத் திருப்பித் தரவில்லை.