குனியக் கூடாது, சிந்தக் கூடாது

அந்தத் தெருவில் அவளுக்கு அடுப்பக்கா என்றுதான் பெயர். கேஸ் அடுப்பு பழுது பார்ப்பது அவள் தொழில். பர்னர் அடைத்துக்கொண்டாலும், குமிழ் திருக முடியாமல் இறுகிப்போனாலும், ரப்பர் குழாய் வெடித்துப் பிளந்தாலும் முதலில் அவளுக்குத்தான் போன் வரும். கடையை அவளும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். கடைக்கு வரும் அடுப்புகளைத் தம்பி பார்த்துக்கொள்வான். பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவது அவள் பங்கு. உட்கார்ந்து செய்கிற வேலை எதுவும் அவளுக்கு ஒத்துவராது. சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர் நேர் எதிர். சிக்னலில் பின்னால் இருப்பவன் எத்தனை ஹாரன் அடித்தாலும் பச்சை விழுந்தபிறகுதான் கியரைத் தொடுகிற ஆள்.

அவளுக்கு மூக்கடைப்பு பல வருடமாகவே உண்டு. தூசி, அடுப்புக் கரி, அடிக்கடி நனைகிற தலை என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை. வாயால் மூச்சு விடுவது பழகிப்போனது. குறட்டை சத்தத்தில் கணவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளப் பழகினார். வாசனை எப்போது விட்டுப்போனது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக நழுவியதால் போனதே தெரியவில்லை.

ஒரு டீச்சர் வீட்டில்தான் தெரிந்தது. மாடிக் குடியிருப்பு, சின்ன சமையலறை. புதுக் குழாய் மாட்டி முடித்து, எரிகிறதா என்று பார்க்க லைட்டரைக் கையில் எடுத்தாள். உள்ளறையிலிருந்து டீச்சர் ஓடிவந்தார்.

"அக்கா, பத்த வைக்காதீங்க. கேஸ் நாத்தம் குடலைப் புரட்டுது. உங்களுக்குத் தெரியலையா?"

அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சிலிண்டரை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினாள். அவசரத்தில் அன்றைக்கு அதைத் தடவாமலே விட்டிருந்தாள். மூடியதைத் திரும்பத் துளி திறந்ததும் குமிழிகள் புசுபுசுவென்று கிளம்பின. கிளிப் சரியாக இறுகவில்லை. அதை முடுக்கி, மறுபடி தடவிப் பார்த்து, டீச்சரையும் முகர்ந்து பார்க்கச் சொல்லி வேலையை முடித்தாள். கீழே வந்து ஸ்கூட்டரை எடுத்தாள். நேராகக் கடைக்குப் போய்த் தம்பியிடம் சொன்னாள். சாயங்காலம் கணவரிடமும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "நாளைக்கு டாக்டர் கிட்ட போறோம்" என்றார். "நாளைக்கு ரெண்டு வீடு ஒத்துக்கிட்டிருக்கேன்" என்று அவள் ஆரம்பித்தபோது அவர் பார்த்த பார்வையில் அந்த இரண்டையும் தம்பிக்குத் தள்ளிவிட்டாள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. மூக்குக்குள் ஒரு மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தார். முதலில் மருந்து, மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே என்று சில வாரம் ஓடியது. லேசாகத் திறந்த மாதிரி இருந்து திரும்ப அடைத்துக்கொண்டது. பிறகு ஸ்கேன். அந்தப் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி டாக்டர் பேனாவால் காட்டினார்.

"காத்து இருக்கிற இடம் கறுப்பாத் தெரியணும். உங்களுக்கு இங்க, இங்க, எல்லாமே சாம்பலா அடைச்சுக் கிடக்கு. சைனஸ் வாசல்ல திராட்சைக் கொத்து மாதிரி சதை வளர்ந்திருக்கு. புத்துநோய் மாதிரி தெரியல, பயப்படாதீங்க. எடுத்ததை எப்படியும் டெஸ்டுக்கு அனுப்புவோம்."

"முகத்தைக் கிழிப்பீங்களா?"

"வெளியில ஒரு கீறல்கூட இருக்காது. மூக்கு வழியாவே கேமராவும் கருவியும் போகும். மயக்கம் கொடுத்துடுவோம். பெரும்பாலும் அன்னிக்கு, இல்லேன்னா மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம். கண்ணும் மூளையும் பக்கத்துலயே இருக்கிறதால ஜாக்கிரதையாதான் பண்ணணும். அந்த ஆபத்து ரொம்பக் கம்மி, ஆனா இல்லவே இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

"வாசனை வந்துடுமா டாக்டர்?"

"வரலாம். பாதி வரலாம். வராமலும் போகலாம். மூச்சு நல்லா ஆகும்னு தைரியமாச் சொல்வேன். வாசனைக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"வேலைக்கு எப்ப போகலாம்?"

"ரெண்டு வாரமாவது கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது."

"குனியாம அடுப்பை எப்படிப் பாக்கறது?"

"பாக்காம இருக்கணும்" என்றார் டாக்டர்.

அறுவைசிகிச்சை அன்று அவளுக்கு ஞாபகம் இருந்தது மேலே எரிந்த வட்ட விளக்கும், கையில் ஊசி ஏறிய இடத்தில் பரவிய குளிர்ச்சியும்தான். கண் திறந்தபோது முகத்துக்குள் யாரோ ஒரு தலையணையைத் திணித்து வைத்த மாதிரி இருந்தது. வலி அவள் பயந்த அளவுக்கு இல்லை. அடைப்புதான் தாங்க முடியவில்லை. மூச்சு சரியாகும் என்று வந்தால் மொத்தமாக அடைத்துவிட்டார்களே என்று பதறினாள். எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"வாயால மெதுவா விடுங்க. உள்ள வீக்கம் இருக்கும், எல்லாருக்கும் இப்படித்தான்" என்று நர்ஸ் தோளைப் பிடித்துச் சாய்த்தாள். தொண்டை வறண்டு எரிந்தது. மூக்குக்குக் கீழே பஞ்சுப் பட்டை ஒன்றை ஒட்டியிருந்தார்கள். கணவர் கட்டில் பக்கத்தில் வந்து நின்று நிதானமாகப் பார்த்தார்.

"மீசை எடுப்பா இருக்கு" என்றார்.

சிரித்தால் வலித்தது. முறைக்கலாம் என்றால் கண்ணைச் சுற்றிலும் கனம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பமானது. தலையணைகளை அடுக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் தூங்க வேண்டும். மூக்கிலிருந்து சிவப்பும் தண்ணியுமாக வழிந்துகொண்டே இருக்கும், பட்டையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிந்தக் கூடாது, துடைக்கலாம். தும்மல் வந்தால் அடக்கக் கூடாது, வாயைத் திறந்து தும்ம வேண்டும். முதல் தும்மல் வந்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கணவர் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து "வாயைத் திற, வாயைத் திற" என்று கத்தினார். வேனுக்குக் குறுக்கே ஆடு வந்தபோதுகூட அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை.

டாக்டர் சொன்ன நாளிலிருந்து உப்புத் தண்ணீர் அலசலும் சேர்ந்துகொண்டது. கொதித்து ஆறிய தண்ணீரில் பொட்டலத்து உப்பைக் கலந்து, தொட்டிப் பக்கம் தலையை லேசாகச் சாய்த்து, பாட்டிலை ஒரு துவாரத்தில் வைத்து அழுத்த வேண்டும். மறு துவாரம் வழியாகக் கொட்டும். முதல் தடவை ஆற்றில் முழுகுவது போலத் திணறிப் போய் பாட்டிலையே போட்டுவிட்டாள். பிறகு அதில்தான் அவளுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. உள்ளே காய்ந்து கிடந்த பொருக்கு ஒவ்வொன்றாக வெளியே வரும்போது அடைத்த பர்னரைக் குத்தி எடுத்த திருப்தி. ஒரு நாளில் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே வேலை அது.

மற்ற நேரத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கூடத்திலிருந்து சமையலறை, அங்கிருந்து பால்கனி, திரும்பக் கூடம். தம்பிக்குப் போன்.

"மூலை வீட்டு அடுப்பு என்னாச்சு?"

"சரி பண்ணிட்டேன்க்கா."

"பர்னர் ஜெட்டை மாத்துனியா, வெறும் குத்தி விட்டியா?"

"மாத்திட்டேன்."

"சோப்புத் தண்ணி?"

"அக்கா, நீ போனை வெச்சாத்தான் நான் அடுத்த வீட்டுக்குப் போக முடியும்."

பக்கத்தில் இருந்த கணவர், "ஆபரேஷன் பண்ணின மூக்கை அவன் வேலையில நுழைக்காத" என்றார். லீவு முடிந்து அவரும் வேன் எடுக்கப் போக ஆரம்பித்ததும் வீடு இன்னும் மோசமாகிவிட்டது. ஆள் இல்லாத நேரத்தில் அவள் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தாள். சோப்பு, காப்பிப் பொடி, கணவரின் சட்டைக் காலர், புதுச் செருப்பு. எதிலும் எதுவும் இல்லை. இத்தனை சீக்கிரம் வராது என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். சொன்னது மண்டைக்குத் தெரிந்தது, மனசு கேட்கவில்லை. வாசனை வராவிட்டால் இந்தத் தொழிலை எந்த முகத்தோடு செய்வது என்கிற கேள்வி அவளை நாற்காலியில் உட்கார விடாமல் எழுப்பி எழுப்பி நடக்கவிட்டது.

ஒரு காலை, பால் காய்ச்சும்போது சொந்த அடுப்பின் தீ மஞ்சளாக எரிந்தது. ஊரார் வீட்டுத் தீயெல்லாம் நீலமாக எரிய, தன் வீட்டில் மஞ்சள். பர்னரை மட்டும் கழற்றித் துடைத்தால் போதும் என்று நினைத்தாள். துடைத்தும் போகவில்லை. பிறகு சிலிண்டரை லேசாக நகர்த்தினாள். பிறகு அடுப்புக்கு அடியில் குனிந்து பார்த்தாள். டைல்ஸ் தரையில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்வதற்குள் சொட்டு ஒழுக்காகிவிட்டது.

சிலிண்டரை மூடிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். கணவர் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற நேரம், போனை எடுக்க மாட்டார். தம்பியைக் கூப்பிட்டாள். அவன் வருவதற்குள் ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டாள். நேராக உட்காருங்கள், தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள், ரத்தத்தை முழுங்காமல் துப்புங்கள், உடனே கிளம்பி வாருங்கள் என்றார்கள். தம்பி கதவைத் திறந்ததும் அவள் முகத்தைப் பார்த்தான், கழற்றிக் கிடந்த பர்னரைப் பார்த்தான், போய் ஆட்டோ பிடித்து வந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் ஒழுக்கு பெரும்பாலும் நின்றிருந்தது. டாக்டர் மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டு, உறைந்த ரத்தத்தையும் பொருக்கையும் இழுத்து எடுத்தார். வலியைவிட மூளைக்குள் யாரோ சுரண்டுகிற அந்த உணர்வுதான் அவள் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது.

"எதுக்குக் குனிஞ்சீங்க?"

"தீ மஞ்சளா எரிஞ்சது டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. "பெரிசா ஒண்ணும் ஆகல. ஆயிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் கணவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் அந்த பர்னரை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். "நீ வாயால சொல்லு, நான் கையால செய்யறேன்" என்றார். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் தரையில் படுத்து, ஸ்பானரைத் தலைகீழாகப் பிடித்து, காற்றுத் துளையைச் சரிசெய்தார். அவள் ஐந்து நிமிடத்தில் முடிப்பதை அவர் மத்தியானம் வரை செய்தார். அவ்வளவு நேரம் அவள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது, கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பார்க்காத அதிசயம்.

வீக்கம் வடிய வடிய மூச்சு மூக்குக்குத் திரும்பியது. உதடு வறளாமல் காலையில் எழுந்தாள். கணவர் காதுப் பஞ்சைத் தூக்கிப் போட்டார். வாசனைக்குப் பதிலாக வேறொன்று வந்தது. எந்நேரமும் எதுவோ கருகுகிற வாடை. அவள் சமையலறைக்கு ஓடுவாள், அடுப்பு அணைந்திருக்கும். பிளக்குகளைத் தொட்டுப் பார்ப்பாள், குளிர்ந்திருக்கும். எதிர் வீட்டுக் கதவைத் தட்டி "ஏதாவது அடி பிடிச்சிருக்கா?" என்று கேட்டு, அவர்கள் பதறி உள்ளே ஓடியதும் நடந்தது. முன்பு இருந்ததைச் சொல்லாத மூக்கு, இப்போது இல்லாததைச் சொன்னது. அதுதான் அவளுக்கு அதிகக் கலக்கம்.

"நரம்பு முழிச்சுக்கும்போது சில பேருக்கு இப்படித் தப்பும் தவறுமா வரும்" என்றார் டாக்டர், அடுத்த முறை சுத்தம் செய்யும்போது. "நல்லதுக்கா இருக்கலாம். தினமும் நாலு வாசனையை நிதானமா முகர்ந்து பழகுங்க. ஸ்ப்ரேயை விடாதீங்க. டெஸ்டுல புத்துநோய் இல்லேன்னு வந்துடுச்சு, ஆனா சதை திரும்ப வளரக்கூடிய ஜாதி இது."

கனம் தூக்கலாம் என்று டாக்டர் அனுமதித்த மறுநாளே அவள் ஸ்கூட்டரை எடுத்துவிட்டாள். கடையில் தம்பி ஒரு சின்னக் கருவியை மேசைமேல் வைத்தான். கேஸ் பட்டால் கீச்சிடும். "கோவிச்சுக்காதக்கா" என்றான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு அதையும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்றைய வீடு ஒரு தையல்காரியுடையது. குமிழ் மாற்றி முடித்து நிமிர்ந்தபோது வாடை அடித்தது. கருகல் இல்லை, இது வேறு. அழுகலும் காட்டமுமாக, அவள் இத்தனை காலம் பிழைப்பு நடத்திய அதே வாடை. சிலிண்டரை மூடினாள்.

"உங்களுக்கு கேஸ் வாடை வருதா?"

"இல்லையே" என்றாள் தையல்காரி.

சிலிண்டரைத் துளி திறந்து கருவியைக் காட்டினாள், கீச்சிடவில்லை. சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழி இல்லை. இதுவும் நரம்பு விளையாட்டுதானா என்று சந்தேகம் வந்தது. ஆனாலும் அதை அப்படியே விட்டுப் போக மனம் வரவில்லை. வாடை பிடித்துக்கொண்டே சமையலறையைச் சுற்றி வந்தாள். அலமாரிக்குக் கீழே ஒரு கூடை. குனிந்து இழுத்தாள். அடியில் கூழாகிப்போன வெங்காயம், கேஸில் கலக்கிற வாடைக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

தையல்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "ஐயையோ, இதைக் கவனிக்கவே இல்லையே. உங்களுக்கு எப்படிங்க அங்கேருந்து தெரிஞ்சுது?"

அடுப்பக்கா கூடையை முகத்துக்கு நேரே தூக்கினாள். அந்த வெங்காயத்தைக் கிட்டத்தில் வைத்து, வலது துவாரத்தை மூடி ஒருமுறை, இடதை மூடி ஒருமுறை முகர்ந்தாள். இடதில் வந்தது. வலதில் இன்னும் ஒன்றுமில்லை. தையல்காரி பார்த்த பார்வையில் கூடையை அவளிடமே கொடுத்துவிட்டு, கை கழுவி வந்து, இணைப்பில் இன்னொரு தரம் சோப்புத் தண்ணீர் தடவினாள்.