சணப்பு நாத்தம்

வடமாலபேட்டை தாண்டியதும் பஸ்ஸுக்குள் அழுகல் நாற்றம் புகுந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். சாலையோரக் குட்டையில் யாரோ சணப்புக் கட்டுகளை ஊறப்போட்டிருந்தார்கள்.

சத்தியவேடு பக்கத்தில் எங்கள் ஊரில் இந்த நாற்றத்துக்குச் சொந்தக்காரி என் அம்மா. ஊறிய சணப்பைக் கல்மேல் வைத்து, புளியமரக் கொட்டாப்புளியால் அடித்து, நார் உரித்துக் கயிறு திரிப்பாள். அந்த வாடை என் பாவாடையிலும் ஏறிக்கொள்ளும். வகுப்பில் ஒருத்தியும் என் பக்கத்தில் உட்காரமாட்டாள். வெட்கம் தாங்காமல் ஒருமுறை, ஊறி முடிவதற்குள் கட்டுகளை நானே கரையில் இழுத்துப் போட்டேன். அம்மா எவ்வளவு அடித்தும் பட்டை தண்டை விடவில்லை.

"நாத்தம் வராம நார் வருமாடி?" என்று திட்டி, எல்லாவற்றையும் திரும்பக் குட்டையில் தள்ளினாள்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் கயிறு இழுக்கும் போட்டி. கடையில் வாங்கிய கயிறு முதல் இழுப்பிலேயே அறுந்தது. அம்மாவோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த என் நைனா, எங்கள் வீட்டுக்கு ஓடி, அவள் திரித்த கயிற்றைக் கொண்டுவந்தார். தெலுங்கு சார் அதை முறுக்கிப் பார்த்து, "ஈ தாடு தெகது!" என்றார். அறாது என்று சாரே சொல்லிவிட்டார்! என்னைக் கண்டு மூக்கைப் பொத்தியவளுங்க எல்லாம் அதை இரண்டு கையாலும் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் மண்ணில் விழுந்து புரண்டோம். கயிறு அறவேயில்லை. "இழுங்கடி! இன்னும் இழுங்கடி!" என்று அம்மா இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே கத்தினாள்.

"ஜன்னல சாத்தும்மா, நாறுது" என்றார் பக்கத்து சீட்டுப் பெண்.

"இது பத்தாதுக்கா. இன்னும் நல்லா நாறணும்" என்று சொல்லி, முழுசாகத் திறந்தேன்.