குளித்த தண்ணீர்

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, என் கணவர் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிய வருஷம், குன்னூரில் மழையும் பொய்த்துவிட்டது. அவரால் வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. நன்றாக இருக்கும் கதவைக் கழற்றி மாட்டுவார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டி, சுற்றுலா சீசனுக்கு விற்கலாமென்று பூ நாற்றுப் போட்டார்.

நாற்று தலைதூக்கிய வாரம், நகராட்சி ஜீப் மைக் கட்டிக்கொண்டு வந்தது. செடிகளுக்குக் குடிநீர் பாய்ச்சினால் குழாய் இணைப்பைத் துண்டிப்பார்களாம். அன்றிலிருந்து எந்த ஜீப் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன்.

"ஏனுங்க, குடிக்கத் தண்ணி வேணுமா, பூ வேணுமா?" என்றேன்.

மறுநாள் அவர் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியைக் குளியலறையில் கொண்டுவந்து வைத்தார். நானும் அவரும் பிள்ளைகளும் அதற்குள் நின்றுதான் குளித்தோம். அந்தத் தண்ணீரை அவர் சொம்பில் மொண்டு பாத்திக்கு ஊற்றுவார்.

யாரோ புகார் சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் காலையில் நகராட்சிக்காரர் நேராகப் பின்பக்கம் வந்தார்.

"ஊரே காஞ்சு கெடக்குது. இங்க மட்டும் மண்ணு எப்படிங்க ஈரமா இருக்குது?"

"குளிச்ச தண்ணிங்க சார்," என்றார் என் கணவர்.

"எல்லாரும் இதையேதானுங்க சொல்றாங்க."

என் கணவர் அதிர்ந்து பேசாதவர். சட்டென்று குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி வந்தவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "மோந்து பாருங்க சார்!" குரல் உடைந்து போயிருந்தது. அடித்துவிடப் போகிறாரோ என்று ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

வந்தவர் ஓரடி பின்வாங்கினார். பிறகு, என்ன நினைத்தாரோ, குனிந்து முகர்ந்தார்.

"சோப்பு வாசந்தானுங்க," என்றார் மெதுவாக. மேலே எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

என் கணவர் மண்ணைக் கீழே போடவே இல்லை. "ஃபேக்டரிய மூடுனப்பக்கூட நான் ஒரு வார்த்தை கேக்கல," என்றார். அவர் அழுவதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

சோப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் பாதிக்கு மேல் நாற்று கருகிப்போனது. மிஞ்சியதைப் பஸ் ஸ்டாண்டு அருகே வைத்து விற்றார். சீசன் முடிந்ததும் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனார். அங்கேயும் தண்ணீருக்குக் கஷ்டம்தான், லாரியில்தான் வருகிறதென்று போனில் சொன்னார்.