பவளத்துக்கு மருந்து பூசுகிறவர்

முதல் தொட்டியில் பிளீச்சிங் கரைசல். மற்ற இரண்டிலும் நல்ல தண்ணீர். முகக்கண்ணாடி, கால்துடுப்பு, கையுறை, மூச்சுக்குழாய் என்று கடலுக்குள் போய் வந்த அத்தனையையும் முதல் தொட்டியில் அமிழ்த்திவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். பத்து நிமிடம் ஊறினால் போதும் என்பது நிலையத்தின் விதி. அவர் அரை மணி நேரம் விடுகிறார். விரல் நுனிகளில் தோல் உரிந்திருக்கிறது. அவர் உடுத்தும் துணிகளில் வெளுத்த திட்டு விழாதது ஒன்றுகூட இல்லை.

நாற்பத்து நான்கு வயது. கடலாய்வு நிலையத்தில் முக்குளிப்பு உதவியாளர். படகுத்துறையில் 'மருந்துக்காரி' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். கல்லுக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்ற கேலியும் அங்கே உண்டு. அவர் கோபிப்பதில்லை. அது கல் இல்லை, கடுகளவு உயிர்கள் லட்சக்கணக்கில் ஒட்டிக்கொண்டு நடத்தும் குடித்தனம் என்று பொறுமையாக விளக்குவார். நோய் கண்டால் அந்த உயிர்த்தோல் கழன்று போய், அடியிலிருக்கும் எலும்பு வெள்ளையாகத் தெரியும். சில நாளில் அதன்மேல் பாசி ஏறும். பிறகு மீன்கள் விலகிப் போகும். "குடியிருந்தவங்க செத்துட்டா வீடு எத்தனை நாளைக்கு நிக்கும்?" என்பார்.

கணவர் ஓட்டுவது சுற்றுலாப் படகு. அடிப்பலகையில் கண்ணாடி பதித்தது. கீழே என்ன இவ்வளவு வெள்ளை என்று பயணிகள் கேட்க, அபூர்வமான வெள்ளைப் பவளம் என்று அவர் ஒருநாள் அளந்துவிட்டார். எல்லோரும் ஆசையாகப் படமெடுத்துக்கொண்டார்களாம். அதைக் கேள்விப்பட்டு மனைவி இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கணவரே ஆரம்பித்தார். "சாவு வீட்டைக் காட்டுறேன்னு சொன்னா யாரு படகுல ஏறுவா?"

மருந்துக்காரியை அரித்துக்கொண்டிருப்பது வேறு. போன வருடம் தெற்குத் திட்டில் ஒரு பவளத்தின்மேல் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்தார். மீன் கொறித்த தடம் என்று நினைத்துக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டார். அப்படியே மூன்று வாரம் போயிற்று. அதற்குள் அதே கையுறை, அதே துடுப்போடு வடக்குத் திட்டிலும் பலமுறை இறங்கியிருந்தார். அடுத்த மாதம் வடக்கிலும் வெள்ளை தெரிந்தது. தலைமை ஆய்வாளரான அம்மாள் அவரைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். அதை, அவரைப் பற்றி எழுத வந்திருந்த என்னிடம் சொல்லும்போது இவர் தொட்டித் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீரோட்டம் கொண்டு வந்திருக்கலாம்னு மேடம் சொல்றாங்க. நான் கொண்டு வரலைன்னு சொல்லலையே."

வடக்குத் திட்டில் ஒரு பெரும் பவளம் உண்டு. கவிழ்த்த பாத்திரம் போல இருப்பதால் படகுக்காரர்கள் அதற்கு 'குண்டான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐந்து பேர் கைகோத்தாலும் சுற்றி வளைக்க முடியாது. வயது முந்நூறுக்கு மேல் இருக்கும் என்பது ஆய்வாளரின் கணிப்பு. அதற்கும் நோய் கண்டதிலிருந்து ஐந்து மாதமாக இவர் நான்கு நாளுக்கு ஒருமுறை அதனிடம் போனார். உயிரும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பில், ஊசிபோடும் பெரிய குழாயால் களிம்பைப் பிதுக்கி, விரலால் அழுத்திக்கொண்டே வரவேண்டும். குனிந்த கழுத்து மறுநாள் வரை நிமிராது. நோய் ஒரு பக்கம் நின்றால் இன்னொரு பக்கம் வெடித்தது. "இங்க அணைச்சா அங்க புகையுது" என்று வந்து சொல்வார். போன வாரம் பார்த்தபோது உள்ளங்கை அகலம்தான் உயிர் மிச்சமிருந்தது.

திங்கட்கிழமை நிலையத்தில் கூட்டம். குண்டானைக் கைவிட வேண்டியதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். மருந்துக்காரியின் முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஆளில்லை. ஆய்வாளர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் இவரே சொன்னார். "இருக்குற மருந்தைச் சின்னதுங்களுக்குப் போடுவோம் மேடம். அதுங்களாவது பிழைக்கும்." சொல்லிவிட்டுப் போய்த் தொட்டிகளில் தண்ணீர் மாற்றினார்.

கைவிட்ட பவளத்தின் எண் தகட்டைக் கழற்றிவிட வேண்டும். மறுநாள் காலை அதற்காக அவர் இறங்கினார். பயணிகள் இல்லாததால் கணவர் என்னைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு, குண்டானுக்கு நேர் மேலே நிறுத்தினார். கண்ணாடி வழியே எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. குண்டான் ஏறக்குறைய முழுக்கப் பழுப்புப் பாசி. கீழே மருந்துக்காரி இடுப்புப் பையிலிருந்து குறடை எடுத்துக்கொண்டு தகட்டுக்குக் கை நீட்டினார்.

தகட்டை ஒட்டிய பொந்திலிருந்து விரல் நீளக் கருமீன் ஒன்று பாய்ந்து வந்து அவர் கையுறையைக் கொத்தியது. கையை இழுத்துக்கொண்டார். மீன் தகட்டைச் சுற்றி ஒரு வட்டமடித்துவிட்டுப் பொந்து வாசலில் போய் நின்றது. மறுபடி கை நீட்டினார்; மறுபடி பாய்ந்தது, இந்த முறை முகக்கண்ணாடி வரைக்கும். கணவர் எஞ்சினை அணைத்தார்.

குறடைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டு, துடுப்பு மண்ணைக் கிளப்பாதபடி காலை மடக்கி, ஒரு கை தூரம் மெல்லப் பின்வாங்கினார்.