காலிப் பாத்திரத்தில் வந்த வாசனை

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த என்னை, ஒண்டிக்கடை என்கிற முக்குக்கு மேலே, மலையில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் கூட்டித் துடைக்கச் சேர்த்துக்கொண்டார்கள். அட்டைக்கடி இல்லை, மழைக்குக் கூரை உண்டு. எனக்கு அது சொர்க்கம். எழுத்து ஒன்றும் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள்.

அங்கே ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம். சோறாக்க இல்லை. உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் பம்பு வைத்து உறிஞ்சி வெறுமையாக்குவார்கள். அப்படியும் என்ன மிச்சம் இருக்கிறது என்று மோந்து பார்க்க, பக்கத்துக் குழாய்க்குள் ஒரு கருவி. நாங்கள் அதை மூக்கு என்போம். மோந்த ஒவ்வொன்றையும் திரையில் தனித்தனிக் கோடுகளாகக் காட்டும், நம் மலைமுகடுகள் மாதிரி.

ஆயுத பூஜை முடிந்து கூடம் திறந்தபோது, இருக்கக்கூடாத கோடுகள் முளைத்திருந்தன. எண்ணெய்ப் பிசுக்கு என்றார் கூடத்துக்குப் பொறுப்பான மேடம். சேலத்துப் பெண், என் மகள் வயசு. பாத்திரத்தைச் சூடாக்கிப் பார்த்தார்கள். பம்பைக் கழற்றிப் பார்த்தார்கள். ஓட்டை இருக்குமோ என்று இணைப்புகளில் எல்லாம் ஹீலியம் வாயுவை ஊதினார்கள்; உள்ளே புகுந்தால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டை இல்லை. கோடுகள் அப்படியே நின்றன. பனி ஜன்னலை அடைத்த பகல்களில், அந்தக் காலிப் பாத்திரத்துக்குள் யாரோ மூச்சு விடுவது போல இருக்கும். துடைக்கக் கிட்டே போனால் முதுகு சில்லிடும்.

பம்பு பழுதுபார்க்கிற மெக்கானிக் என் தலையைப் பார்த்தார். நான் தேங்காயெண்ணெய் வழிய வழியத் தேய்க்கிற ஆள். என் தலையில் அடையே சுடலாம் என்பாள் தம்பி பொண்டாட்டி.

"இந்தக்கா தலை ஒண்ணு போதுமுங்க மேடம், மூணு பம்பு கெட்டுப்போகும்."

மேடம் சிரிக்கவில்லை. சரியாகும்வரை அறைக்குள் வரவேண்டாம், என் எண்ணெய்தான் என்று தெரிந்தால் வேறு ஆள் வைக்கவேண்டி வரும் என்றார். மறுபடியும் எஸ்டேட்டா, அட்டைக்கடியா! சீயக்காய் போட்டு அரக்கித் தேய்த்துக் குளித்தேன். முடி தேங்காய் நார் மாதிரி நின்றது. வீட்டுக்காரர் மிரண்டுபோனது தனிக்கதை. கோடு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் வாசலில் நின்றபடி பார்த்தேன். பாத்திரத்துக்கும் மூக்குக்கும் நடுவில் இருந்த வால்வை மேடம் மூடினார். இனிப் பாத்திரத்து வாசனை மூக்குக்குப் போக வழியில்லை. ஆனாலும் கோடுகள் கொஞ்சமும் குறையவில்லை.

"ஏனுங்க மேடம், கதவச் சாத்தியும் மோந்துக்கிட்டே இருக்குதுங்களே. எதைங்க மோக்குது?"

மேடம் வால்வைத் திறந்து, மறுபடி மூடிப் பார்த்தார்.

"தன்னையேதான் அக்கா."

மூக்கைக் கழற்றினார்கள். அதற்குள் இருந்த பீங்கான் வளையத்தின் இடுக்கில் மஞ்சளாக ஒரு துளி. மேடம் முகம் வெளுத்துப் பிறகு சிவந்தது. பூஜையன்று சுத்தம் செய்யக் கழற்றிய மூக்கு மேசையில் கிடந்ததாம். எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தோம், இது மட்டும் மூளியாக இருக்கிறதே என்று ஆசையாகச் சந்தனம் வைத்தது அவரேதான். எங்களுக்குப் பூ வைக்கக்கூடத் தடை போட்டவர்!

"தொடச்சுட்டுத்தானே மாட்டுனேன்" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"சாமி கும்புட்டது மூக்குக்கு நொம்பப் புடிச்சுப்போச்சுங்க" என்றார் மெக்கானிக்.

வளையத்தை மாற்றி மாட்டி, மறுபடி காற்றை உறிஞ்சினார்கள். கோடுகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. தண்ணீருக்கான கோடு மட்டும் கொஞ்சம் நின்றது. அது எப்போதும் இருப்பதுதான் என்று சொல்லி, மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார்.

துடைப்பத்தோடு போய், பாத்திரத்தின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அத்தனை ஒன்றுமில்லாததை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. மேலெல்லாம் கூசியது. பார்வையை எடுத்துக்கொண்டு, ஓரத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தேன்.