வெறும் வண்டிப் பிளேட்டு

எங்கள் அப்பாவுக்கு மாட்டைப் பற்றித் தெரியும். மற்ற எல்லாவற்றையும் அவர் மாட்டை வைத்தே புரிந்துகொள்வார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனவர், வாத்தியாரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம், "ஆளு வாட்டசாட்டந்தான், ஆனா சுழி சரியில்ல" என்றாராம். அப்படிப்பட்டவருக்கு ஒரு கிராமபோனும் வாய்த்திருந்தது.

தென்காசியில் எங்கள் வீடு. குற்றாலம் நடந்தே போய்விடுகிற தூரம். சாரல் தென்காசியிலும்தான் அடிக்கும். ஆனாலும் ஆனியில் காற்று திரும்பியதும் குற்றாலத்தில் ஒரு வீட்டைப் பிடித்து, பாத்திரம் பண்டத்தை வண்டியில் ஏற்றிக் குடும்பத்தோடு போய் நனைந்தால்தான் அப்பாவுக்கு மனசு ஆறும். எங்களைப்போல இலத்தூரில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் அது ஒரு கௌரவம். யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய கதை இது.

கிராமபோனும் ஜமக்காளம் போர்த்திக்கொண்டு எங்களோடு வரும். ஒரு சீசனில் ஈரக்காற்று பட்டுப் பட்டு அதற்குத் தொண்டை கட்டிவிட்டது. ஊசியைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பிளேட்டின் மேல் குனிந்திருக்குமே ஒரு வட்டமான தலை, சவுண்டு பாக்ஸ், அதற்குள் இருந்த காக்காப்பொன் தகடு விரிசல் விட்டுவிட்டது. எந்த வித்வானைப் போட்டாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடினார். அதன் பிறகு வருஷம் முழுக்கக் கிராமபோன் மூலையில் கிடந்தது. அதன்மேல் அம்மா முறத்தை வைத்தாள்.

அதனால் வீட்டில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, அத்தை ஒருத்தியைத் தவிர.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளாக அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மாமா கொழும்பில் வியாபாரம் பார்க்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன். உண்மையில் மாமா ஒரு வியாபாரமும் பார்க்கவில்லை. ஆர்மோனியப் பித்துப் பிடித்து ஒரு நாடகக் கம்பெனியோடு கிளம்பிப் போனவர். அந்தக் கம்பெனியின் ராஜபார்ட் சென்னையில் பிளேட்டுக்குப் பாடிக் கொடுத்தபோது பின்னால் ஆர்மோனியம் வாசித்தவர் அவர்தான். அந்தப் பிளேட்டில் ஒன்றைக் கொண்டுவந்து அத்தை கையில் கொடுத்துவிட்டுப் போனவர், திரும்பவில்லை. கம்பெனி கப்பலேறிவிட்டதாகப் பேச்சு வந்தது. தங்கையை டிரங்குப் பெட்டியோடு கூட்டிவந்த அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார், இனி அவன் பேச்சு இந்த வீட்டில் எடுக்கக் கூடாதென்று. அத்தையோ புருஷன் பேரை எப்படியும் சொல்லமாட்டாள். ஆக, மாமா எங்கள் வீட்டில் அடியோடு இல்லாமல் போனார்.

ஆனால் அந்தப் பிளேட்டு இருந்தது. பாட்டின் நடுவே ராஜபார்ட் ஒரு பிருகாவை உருட்டி இறக்கியதும், பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் "பேஷ்" என்று சொல்லும். அது மாமா குரல். இது எனக்குத் தெரியவந்தது வெகுகாலம் கழித்து. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் என்னைப்போல முழித்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கும். அப்பா இலத்தூருக்குப் போன மத்தியானங்களில் அம்மா அதை எடுத்துப் போடுவாள். அத்தை அந்த ஒரு சொல் வரும் வரை நின்று கேட்டுவிட்டு, பாட்டு முடியுமுன்னே உள்ளே போய்விடுவாள். சவுண்டு பாக்ஸ் கெட்டதோடு அந்தச் சொல்லும் போயிற்று.

அடுத்த சீசனில் குற்றாலத்து வீட்டுக்கே புது சவுண்டு பாக்ஸ் பார்சலில் வந்தது. அட்டைப் பெட்டிக்குள் மரத்தூள், தூளுக்குள் மெழுகுக் காகிதம், காகிதத்துக்குள் அது. புது வெள்ளிக் கிண்ணம் மாதிரி பளபளவென்று இருந்தது. அத்தை அன்று கூடத்துக்கு வர எத்தனையோ காரணம் கண்டுபிடித்தாள். சொம்பை மறந்து வைத்தாள், பிறகு அதை எடுக்க வந்தாள்.

மாட்டுகிற வேலையை அப்பா பயபக்தியோடு செய்தார். முதலில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் கிராமபோனின் சுழலும் வட்டத்தின் மேல் வைத்து, வயலில் பார்ப்பதுபோல மட்டம் பார்த்தார். தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியது. மேசைக்காலுக்கு ஓட்டுச்சில்லு கொடுத்தார். புதுத் தலை குழாயில் பொருந்தாமல் ஆடியது. சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி இறுக்கினார். ஊசியைச் செருகித் திருகிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அது சாயாமல் நிற்கிறதா என்று பார்த்தார். எங்களை மூச்சுக்கூட விடவேண்டாம் என்றார்.

அம்மா ஆசையாக நாதஸ்வரப் பிளேட்டை எடுத்துவந்தாள்.

"அதத் தொடாத," என்றார் அப்பா. "புதுசு முரடா இருக்கும். எடுத்த எடுப்புல பார வண்டியில பூட்டுனா மிரண்டுரும். கொஞ்ச நாளைக்கு வெறும் வண்டி இழுத்துப் பழகட்டும்."

"அப்பம் எதத்தான் போடுதது?"

அப்பா திருகாணியைத் துடைத்தபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னார். "டிரங்குப் பெட்டியில ஒரு நாடகப் பிளேட்டு கெடக்கும்லா. ஒண்ணுக்கும் ஆகாதது. அத எடுத்தாரச் சொல்லு."

ஒவ்வொரு தடவை ஊசி ஓடும்போதும் பிளேட்டு கொஞ்சம் தேய்ந்துபோகும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அப்பா எங்களைக் கிராமபோன் பக்கமே அண்டவிடமாட்டார். பழக்குவதற்குப் பிளேட்டைக் கொடுப்பது தேய்க்கக் கொடுப்பதுதான். அம்மா மெதுவாக, "அது அவ பிளேட்டுல்லா" என்றாள். "தந்தா தரட்டும், தராட்டா வேண்டாம்" என்றார் அப்பா.

அத்தை கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கொடுக்காவிட்டால் தேயாது, கேட்கவும் கேட்காது. கொடுத்தால் நாள் முழுக்கக் கேட்கும், நாளுக்கு நாள் அழியும். அவள் உள்ளே போய் வெகுநேரம் கழித்துப் பிளேட்டோடு வந்தாள். "போடுங்க அண்ணே," என்றாள்.

பாட்டு கணீரென்று எழுந்தது. ராஜபார்ட் எங்கள் கூடத்தில் வந்து நின்று பாடுவதுபோல இருந்தது. பிருகா உருண்டு இறங்கியது. பழைய தலையில் ஒருநாளும் கேட்டிராத ஒன்று அப்போது கேட்டது. "பேஷ்" என்பதற்கு முன்னால் ஒரு சின்னச் செருமல். வாசலில் வந்து நின்று ஓர் ஆண்பிள்ளை செருமுவது போலவே இருந்தது. அத்தை சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அங்கே சாரல்தான் அடித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சீசன் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பாட்டு இல்லை. பக்கத்து வீட்டில் தங்கியிருந்த வக்கீல், புது சவுண்டு பாக்ஸில் நாதஸ்வரம் கேட்கலாமென்று குடையும் கையுமாக வந்து, ராஜபார்ட்டைக் கேட்டுவிட்டுப் போவார். ஒருநாள் தாங்கமாட்டாமல் கேட்டார். "அண்ணாச்சி, உங்ககிட்ட வேற பிளேட்டே கெடையாதோ?"

"இன்னும் பழகல அண்ணாச்சி. கழுத்த ஆட்டுது," என்றார் அப்பா. வக்கீல் சவுண்டு பாக்ஸைக் குனிந்து பார்த்தார். அது எதையும் ஆட்டவில்லை.

அத்தை அடுக்களையில் ஆட்டுரலில் மாவாட்டுவாள். பிருகா இறங்கும் நேரம் பார்த்துக் குழவி நின்றுவிடும். "பேஷ்" கேட்டபிறகு மறுபடி ஓடும். "இப்பிடி ஆட்டுனா மாவு என்னைக்கு அரைபடும்?" என்று அம்மா பொய்க்கோபம் காட்டுவாள். நான் அத்தைக்குக் கை வலிக்கிறது என்றுதான் நினைத்தேன்.

எனக்கு விளங்காத இன்னொன்றும் இருந்தது. அப்பா ஊசி விஷயத்தில் மகா கஞ்சர். ஊசியைப் பிளேட்டுக்கு ஒருதடவை மாற்றவேண்டும் என்பார்கள். மொட்டை ஊசிதான் பிளேட்டை உழுதுவிடும். அப்பாவோ ஒரே ஊசியை அது கீச்சிடும்வரை ஓட்டி, பிறகு சாணைக்கல்லில் தீட்டி இன்னும் கொஞ்சம் ஓட்டுவார். நாதஸ்வரப் பிளேட்டுக்கே அந்த மரியாதைதான். அப்படிப்பட்டவர் இந்த ஒண்ணுக்கும் ஆகாத பிளேட்டுக்கு ஒவ்வொரு தடவையும் டப்பாவைத் திறந்து புது ஊசி எடுத்தார். அம்மா கேட்டதற்கு, "ஊசியும் பழகணும்லா" என்று ஒரே போடாகப் போட்டார். கழித்த ஊசிகளை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சேர்த்துவைப்பது என் வேலை.

சாவி கொடுக்கும் சத்தம் கேட்டதுமே அத்தை அடுக்களையிலிருந்து என்னை மெல்லக் கூப்பிடுவாள். "ஏட்டி, ஊசிய மாத்துனாரா?"

"மாத்திட்டாரு அத்தை."

"நல்லாப் பாத்தியா?"

"சிரட்டையிலே கெடக்கு பாருங்க."

அதற்கப்புறம்தான் அவள் குழவியில் கை வைப்பாள். அண்ணனும் தங்கையும் அந்தச் சீசனில் நேருக்கு நேர் பேசியது கொஞ்சம். பேசியதும் மிளகு ரசத்தைப் பற்றித்தான்.

ஆவணி பிறந்து சாரல் ஓய்ந்தது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அப்பா சவுண்டு பாக்ஸைத் தட்டிக்கொடுத்து, "இப்பம் பழகிட்டுது" என்றார். நாதஸ்வரம் முழங்கியது. வக்கீலுக்கு வாழ்வு வந்தது. நாடகப் பிளேட்டை அப்பா காகித உறைக்குள் போட்டு என்னிடம் நீட்டினார். "அத்தைட்ட குடு. அடியில துணி விரிச்சு வைக்கச் சொல்லு, ஈரம் பட்டுராம."

மாமா வரவேயில்லை. அவர் பேச்சை எடுக்க அப்பா சாகும்வரை விடவுமில்லை.

நான் சிவகிரியில் வாழ்க்கைப்பட்டுப் போனபிறகு எங்கள் வீட்டிலும் ஒரு கிராமபோன் இருந்தது. அதற்குப் புது சவுண்டு பாக்ஸ் வந்தபோது, முதலில் ஏதாவது உதவாத பிளேட்டைப் போட்டுப் பழக்கவேண்டும் என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "அது என்ன மாடா, பழக்கதுக்கு? மாட்டுனா பாடும்," என்றார். மாட்டினார், பாடியது. அப்பாவின் அறியாமையை நினைத்து நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிரட்டை ஞாபகம் வந்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன். எனக்கு அப்போது அப்பாவைப் பார்க்கவேண்டும்போல இருந்தது, அவர் போய் வருஷமாகியிருந்தது.

குற்றாலத்தில் அந்தக் கடைசி நாளன்று பிளேட்டைக் கொடுத்துவிட்டு, சிரட்டையையும் அத்தையிடம் கொண்டுபோய்க் குலுக்கிக் காட்டினேன். விளிம்புவரை ஊசி இருந்தது. "எம்புட்டு ஊசி பாத்தீங்களா அத்தை, எல்லாம் உங்க பிளேட்டுக்குத்தான்," என்றேன். அத்தை பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்து வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கருகருவென்று அப்படியே மின்னியது. சிரட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஊசிகளுக்குள் விரலைவிட்டு அளைந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். ஊசி குத்திவிட்டதாக்கும் என்று நினைத்து, நான் மஞ்சள்பொடி எடுத்துவர அடுக்களைக்கு ஓடினேன்.