சிலுவை ஏறாத கூரை

எங்கள் மேட்டில் பொழுது சாய்கிற நேரத்தில் நிகானோர் சுகசாகா தன் புது வீட்டுக்குள் போவார். எங்கள் பக்கத்தில் வெயில் விழும் வடக்குச் சுவரில் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை துளைகள் உண்டு. கம்பளித் துணி சுற்றிய மரக்கட்டைகளால் அவற்றை ஒவ்வொன்றாக அடைப்பார். பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் இரவு முழுக்க அறைக்குள் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அடைக்க மறந்தால் வந்த சூடு வந்த வழியே போய்விடும். அடைத்து முடித்ததும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற பழைய வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார். அந்தப் பழைய வீட்டில் விடியும்போது வாளித் தண்ணீர் கட்டியாகிக் கிடக்கும். புது வீட்டில் யாரும் இல்லை.

"மூளை கொஞ்சம் பிசகிப்போச்சு, பாவம்" என்று எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்குப் பிசகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி நான், கூடவே இருந்து பார்த்தவள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நிகானோர் அதிகம் பேசாதவர். அல்பாக்கா ஆடுகளுக்கு ரோமம் கத்தரிப்பார், மண்கல் அறுப்பார், கூப்பிட்டவர்களுக்குச் சுவர் எழுப்புவார். தோமாசா அதற்கு நேர் எதிர். வாய் ஓயாது, சிரிப்பும் ஓயாது. கல்யாணமான வருஷம் மழை முந்திக்கொண்டு வந்ததால் அவசர அவசரமாக ஒரு வீட்டைக் கட்டித் தகரத்தைப் போட்டுக் குடி புகுந்தார்கள். கூரை ஞானத்தகப்பன் என்று ஒருவரை வைத்து, அவர் ஏறி முகட்டில் சிலுவை கட்டி, எங்களுக்குச் சாமியான மலைக்குச் சாராயம் தெளித்து, கீழே எல்லோரும் ஆடிய பிறகுதான் எங்களில் ஒரு வீட்டுக்குள் படுப்பார்கள். அதைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பிறகு என்பது வரவே இல்லை.

அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது, இக்னாசியா. நடக்கப் பழகிய வயதில், எங்களுக்குக் கடுங்குளிர்காலமான ஒரு ஜூலை மாதத்தில், நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தது. தகரத்தின் வழியாக இறங்கிய குளிர்தான் பிள்ளையைக் கொண்டுபோயிற்று என்று நிகானோர் சொன்னார். சிலுவை இல்லாத கூரை என்று மலை பார்த்துவிட்டது, அதனால்தான் என்று தோமாசா சொன்னாள். இதற்காக அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஆளுக்கொரு காரணத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு வேறு பிள்ளை இல்லை. தோமாசாவுக்கும் நெஞ்சு பலவீனப்பட்டது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு தடவை படுத்து எழுந்தாள். சுகாதார நிலையத்து நர்ஸம்மா கடைசித் தடவை நிகானோரைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வீட்ல இன்னொரு குளிர்காலத்த இவங்க தாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சுகாதார நிலையத்தில்தான் நகரத்து ஆட்கள் ஒரு சூடான அறை கட்டினார்கள். நிகானோர் அங்கே மண் சுமக்கப் போனவர். பேசாத மனிதர் அங்கே கேள்வி கேட்டே ஆட்களை அலுக்க வைத்தாராம். திரும்பி வந்து எங்கள் முற்றத்தில் குச்சியால் கோடு கிழித்தார், அழித்தார், மறுபடி கிழித்தார். ஜூன் மாதத்து வெயில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கல் வைத்து அடையாளம் பண்ணினார். வாசல் எங்கள் வழக்கப்படி உதயம் பார்த்து, சூட்டுச் சுவர் வடக்குப் பார்த்து. சுவர்கள் இரட்டைக் கனத்தில், வைக்கோல் சேர்த்துப் புளிக்க வைத்த மண்ணில். தரைக்குக் கீழே உலர்ந்த கற்கள், அதன்மேல் புல், அதன்மேல் பலகை. உத்தரத்துக்கு மேலே ஏரிக்கரை நாணல்பாய் மூன்று அடுக்கு, அதற்கு மேலே மலைப்புல் வேய்ந்த கூரை. வடக்குச் சுவருக்குக் கரி பூசி, அதற்கு முன்னால் கையகல இடம் விட்டுக் கண்ணாடி. புதுக் கண்ணாடிக்கு எங்கே போவது? உடைத்துப்போட்ட பழைய பஸ் ஒன்றின் ஜன்னல்களை வாங்கி, கழுதை மேல் ஏற்றிக்கொண்டு வந்தார்.

என் வீட்டுக்காரர் கேலி செய்யாமல் விடவில்லை. "நிகானோர், பஸ்ஸு எப்பக் கெளம்புது? எனக்கு ஜன்னலோர சீட்டு."

"டிக்கெட்ட தோமாசாகிட்ட வாங்கிக்க" என்றார் நிகானோர்.

தோமாசா சிரித்துச் சிரித்து இருமினாள். "உனக்கு மேல கூரையிலதான்யா எடம். மூட்டையோட மூட்டையா குந்திக்க."

மே மாதம் வீடு முடிந்தது. பொழுது சாய்ந்த பிறகு ஒருநாள் உள்ளே போய் நின்றேன். அடுப்பு இல்லை, புகை இல்லை. சுவரில் கை வைத்தால் ஆட்டின் வயிறு போல் இளஞ்சூடு. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

கூரை ஞானத்தகப்பனாகத் தோமாசா தன் அண்ணன் லிபோரியோவைக் கேட்டாள். ஹுலியாக்கா நகரத்தில் சொந்த லாரி ஓட்டுகிறவன். வந்தான், வாக்குக் கொடுக்கிறவர்கள் மெல்லும் கோக்கா இலையை வாங்கி மென்றான், சாராயம் குடித்துச் சம்மதம் சொன்னான். பிறகு அண்ணாந்து பார்த்தான்.

"என்ன மாப்ள இது, புல்லு? எந்தங்கச்சிக்கு வீடு கட்டுனியா, அல்பாக்காவுக்குக் கொட்டில் கட்டுனியா?"

"புல்லுதான் மச்சான் சூட்டப் புடிச்சு வைக்கும்."

"நாலு பேரு பாக்க வேணாமா? செவப்புத் தகரம் நான் கொண்டாறேன். பேண்டும் கூட்டியாறேன். புல்லு மேல சிலுவ கட்டுனான் லிபோரியோன்னு ஊர்ல சிரிப்பானுங்க."

"தகரத்த அது மேலயே போட்டுக்கலாம், அதுக்கென்ன. சிலுவைய மட்டும் இன்னைக்கே கட்டிட்டுப் போங்களேன். இவ நெஞ்சுக்கு இந்தக் குளிரு ஆகாது."

"பேண்டு இல்லாமலா? நல்லாச் சொன்ன போ. சான் ஹுவான் பண்டிகைக்கு நிச்சயமா வந்துடுறேன்."

தோமாசாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் சிவப்புத் தகரத்தில் ஆசைதான். கீழே சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் பளிச்சென்று தெரியும். வாழ்க்கையில் அவள் வேறு எதற்கு ஆசைப்பட்டாள்?

ஜூன் கடைசியில் வந்த சான் ஹுவானுக்கு அவன் வரவில்லை. நிகானோர் சிக்னல் கிடைக்கும் குன்றின்மேல் ஏறி நின்று போன் பண்ணினார். லாரியில் கிளட்ச் போய்விட்டதாம். ஜூலைக் கடைசியில் வரும் சந்தியாகோ பண்டிகைக்குக் கட்டாயம் வருகிறானாம். பேண்டுக்கு முன்பணம்கூடக் கொடுத்தாயிற்றாம்.

அதுவரை தோமாசா பகலெல்லாம் புது வீட்டில் இருந்தாள். சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து நூல் நூற்பாள். இருமல் குறைந்து, கன்னத்தில் நிறம் ஏறியது. நிகானோர் கட்டைகளை எடுத்துத் துளைகளை அடைக்கத் தொடங்கியதும் எழுந்து தக்ளியையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு பழைய வீட்டுக்குப் போய்விடுவாள். எந்த நேரத்துக்காக அந்த வீட்டைக் கட்டினாரோ, சரியாக அந்த நேரத்தில் அதை விட்டுப் போவாள். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும்.

"படுத்தா என்னடி? யாரு பாக்கப் போறா?" என்று கேட்டேன்.

"மலை பாக்கும் நசாரியா. ஒரு தடவ பாத்துச்சில்ல? பத்தாதா?"

"அப்ப எங்க வீட்டு ஆள ஏறச் சொல்றேன். சிலுவைய அவரு கட்டட்டும்."

"அண்ணன் கோக்கா மென்னு ஒத்துக்கிட்டாச்சு. இப்ப வேற ஆள ஏத்துனா அவன் என் மொகத்துல முழிப்பானா? அம்மா அப்பா இல்லாதவ நான். எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்."

நிகானோர் அவளிடம் வாதாடவில்லை. வாதாடினால் இக்னாசியாவின் பேச்சு வந்துவிடும் என்று பயந்திருப்பார். கண்ணாடிக்கும் கரிச்சுவருக்கும் நடுவே காலையில் கூழாங்கற்களை அடுக்கி வைப்பார். மாலையில் அவற்றைக் கம்பளியில் சுற்றி, முற்றத்தைக் கடந்து தூக்கிக்கொண்டு போய், பழைய வீட்டில் அவள் காலடியில் வைப்பார். அவள் கண்ணயர்வதற்குள் கல் ஆறிப்போகும். ஒரு வீட்டின் சூட்டை இன்னொரு வீட்டுக்குக் கைச்சுமையாகக் கொண்டுபோக அந்த மனிதர் அப்படிப் பாடுபட்டார்.

ஜூலையில் பனி கொட்டியது. அல்பாக்காக் குட்டிகள் நின்ற இடத்திலேயே விறைத்தன. சாலை மறைந்துபோனது. தோமாசாவுக்குக் காய்ச்சல் ஏறி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நர்ஸம்மா நடந்தே வந்து ஊசி போட்டாள். "ஆஸ்பத்திரிக்கு வழி தொறக்கறவரைக்கும் சூட்டுல வைங்க, அதான் மருந்து" என்று சொல்லி, எதிரே இருந்த புது வீட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்று மாலை நிகானோர் எதுவும் கேட்கவில்லை. தோமாசாவைப் போர்வைகளோடு சேர்த்துத் தூக்கினார். நான் நுனியைப் பிடித்துக்கொண்டேன். முற்றத்துப் பனியில் கால் புதையப் புதையப் புது வாசல் வரை போய்விட்டோம். கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் பட்டது. அதற்குள் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டது.

"வேணாம் நிகானோர். அண்ணன் வரட்டும்."

"ஒரே ஒரு ராத்திரி, தோமாசா. எனக்காக."

"இதுலயும் நமக்குக் கெட்டது நடந்தா அப்புறம் எந்த வீட்டுக்குப் போவோம்? திருப்பிக் கூட்டிட்டுப் போ."

நானாக இருந்தால் அந்த விரல்களைப் பிரித்துவிட்டு உள்ளே போயிருப்பேன். அவள் அழுதாலும் திட்டினாலும் போயிருப்பேன். நிகானோர் அப்படியே நின்றார். அவர் தோளில் பனி விழுந்துகொண்டிருந்தது. பிறகு திரும்பி நடந்தார். முன்பு பெற்ற பிள்ளையை, அதைக் கேட்காமலே ஒரு வீட்டுக்குள் வைத்துப் பறிகொடுத்தவர், இரண்டாவது தடவை அப்படிச் செய்யத் துணியவில்லை.

விடியும் முன்னே தோமாசா போய்விட்டாள்.

லிபோரியோ வராமல் எடுக்க முடியாது, கூடப் பிறந்தவன் மண் போட வேண்டும். சாலையோ திறக்கவில்லை. புது வீட்டிலேயே கிடத்தலாம், ஆசைப்பட்ட வீடு என்று நான் சொன்னேன். நிகானோர்தான் தலையை ஆட்டினார். "அங்க சூடு. தாங்காது" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. சாலை திறக்கிறவரை அந்தச் சூட்டில் உடல் கெட்டுப்போகும் என்று பிறகுதான் உறைத்தது. உயிரோடு இருந்தபோது வழக்கம் அவளை உள்ளே விடவில்லை, செத்த பிறகு அந்த வீட்டின் சூடே அவளை உள்ளே விடவில்லை. பழைய வீட்டில், பிள்ளை கிடந்த அதே மூலையில், விறைத்துப்போய் அண்ணனுக்காகக் காத்திருந்தாள்.

அவன் வந்தான். லாரியில் சிவப்புத் தகரம் கட்டுக் கட்டாக இருந்தது. பேண்டு இல்லை. தங்கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவன் மேல் காறித் துப்ப வேண்டும் என்றிருந்தேன், அந்த அழுகையைப் பார்த்ததும் எனக்கு மனம் வரவில்லை. அடக்கம் முடிந்து திரும்பியதும் யாரிடமும் பேசாமல் ஏணியைச் சாய்த்துப் புது வீட்டின்மேல் ஏறினான். தகரத்தைத் தொடவே இல்லை. புல்லின் மேலேயே சிலுவையைக் கட்டி, கொஞ்சம் சாராயம் தெளித்துவிட்டு இறங்கினான். அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு அதற்குள் வேகக்கூட இல்லை. இதற்காகத்தான் அத்தனை காத்திருப்பும்.

தங்கை செத்த வீட்டில் படுக்க முடியாது என்றான். வந்த விருந்தாளியை எங்கே படுக்க வைப்பது? நிகானோர் புது வீட்டைத் திறந்துவிட்டு, தோமாசாவுக்காகப் போட்டிருந்த கட்டிலைக் காட்டினார். துளைகளை அடைத்துக் கொடுத்துவிட்டு, தான் பழைய வீட்டுக்குப் போனார்.

காலையில் நான் கஞ்சி கொண்டுபோனேன். நிகானோர் முற்றத்தில் வாளி ஐஸைக் கல்லால் உடைத்துக்கொண்டிருந்தார். லிபோரியோ வெறும் சட்டையோடு வெளியே வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. என்ன பேசுவது என்று தெரியாமல், நல்லது ஒன்று சொல்ல வேண்டுமே என்றுதான் சொன்னான்.

"உள்ள நல்ல சூடு மாப்ள. ராத்திரி போர்வைய ஒதச்சுத் தள்ளிட்டேன்."

நிகானோர் கல்லைக் கீழே வைத்தார்.

"அவளும் தள்ளியிருப்பா, மச்சான்" என்றார்.